வாசகர் கேள்வி–பதில்: ஹியூரொன்ராறியோவில் ரயில் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

மிசிசாகாவின் போர்ட் கிரெடிற்றிலிருந்து பிரம்ரன் கேற்வே பஸ் நிலையம் வரை 18 கி.மீ., 19 தரிப்பிடங்கள். ஹியூரொன்ராறியோ வீதியின் நடுவே போகும் இந்த இலகு ரயில் பாதைக்கு, மிசிசாகாவில் 36 வருடம் மேயராக இருந்த ஹேசல் மக்கலியனின் பெயரை 2022 இல் வைத்தார்கள். ஒப்பந்தம் போட்டபோது சொன்ன திறப்புக் காலம் 2024 இலையுதிர் காலம். அது போய்விட்டதால் கேள்விகள் குவிந்திருக்கின்றன. ரொறன்ரோவின் எக்ளின்ரன், ஃபிஞ்ச் இலகு ரயில் பாதைகளின் பக்கத்து வாசகர்களின் கேள்விகள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டோம்.

எங்கள் சந்தியில் தண்டவாளம் போட்டுக் கொங்கிரீற்றும் இட்டாயிற்று. கடைக்கு வருகிற எல்லோரும் "அப்ப இனி ஓடும்தானே?" என்கிறார்கள். ஓடுமா?
– வாசகி, குக்ஸ்வில்

பந்தல் போட்டாயிற்று என்பதற்காகத் தாலி கட்டியாயிற்று என்று ஆகாது. தண்டவாளம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வேலை. அதனால்தான் எல்லோரும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். திறப்பு நாளைத் தீர்மானிப்பவை ஆரம்பத்தில் நிலத்துக்கடியில் நடக்கும் குழாய் வேலையும், கடைசியில் வயரிலும் கணினியிலும் நடக்கும் வேலையும்தான். இரண்டும் வீதியால் போகிறவரின் கண்ணில் படுவதில்லை.

உங்கள் சந்தியில் இனிப் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம். பாதையோரமாகவோ இரு தண்டவாளப் பாதைகளுக்கு நடுவிலோ வட்டக் கொங்கிரீற் அடித்தளங்களும் அவற்றில் நிமிர்ந்து நிற்கும் தடித்த போல்ற்றுகளும் தெரிகின்றனவா? அங்கேதான் மின்கம்பம் ஏறும். கம்பம் ஏறிய பிறகு அதில் கை பொருத்துவார்கள். பிறகு இரண்டு கம்பி இழுப்பார்கள்: மேலே தாங்கு கம்பி, கீழே ரயில் மின்சாரம் எடுக்கும் தொடு கம்பி. தொடு கம்பியை அண்ணாந்து வடிவாகப் பாருங்கள். அது தண்டவாளத்தின் நடுக்கோட்டில் நேராகப் போகாமல், ஒரு கம்பத்தில் கொஞ்சம் இடப்பக்கமும் அடுத்த கம்பத்தில் கொஞ்சம் வலப்பக்கமுமாகச் சாய்ந்து சாய்ந்து போகும். பிழையாகக் கட்டிவிட்டார்கள் என்று எழுதிய வாசகருக்கும் இதுவே பதில். கம்பி ஒரே இடத்தில் உரசினால் ரயிலின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கையான பன்டகிராஃபின் கரிப்பட்டையில் பள்ளம் விழுந்துவிடும். கரி முழு அகலத்துக்கும் சமமாகத் தேயட்டும் என்றுதான் வேண்டுமென்றே அப்படிக் கட்டுகிறார்கள்.

கம்பி வந்தும் மின்சாரம் வராமல் மாதக்கணக்கில் இருக்கலாம். வீதியோரத்தில் யன்னல் இல்லாத, காற்றுத் தட்டிகள் மட்டும் வைத்த சிறு கட்டடங்கள் எழும்பும். அவைதான் இழுவை மின் துணைநிலையங்கள். மின் நிறுவனத்தின் மாறுமின்சாரத்தை வாங்கி நேர்மின்சாரமாக்கிக் கம்பிக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. எக்ளின்ரனில் அது 750 வோல்ற். துணைநிலையம் ஒன்று பிந்தினால் அது ஊட்ட வேண்டிய முழுத் துண்டும் பிந்தும். தரிப்பிடத்துக் கூரையைப் பார்த்துச் சந்தோசப்படுவதைவிட, பக்கத்துத் துணைநிலையத்துக்குள் மின் அலுமாரிகள் இறக்கியாயிற்றா என்று பார்ப்பது பிரயோசனம்.

கம்பங்களில் மின் எச்சரிக்கைப் பலகைகள் ஏறிய பிறகு கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கிறது என்றே எண்ணுங்கள். கடைப் பெயர்ப்பலகைக்கு ஏணி வைப்பவர்களும், மரம் வெட்டுபவர்களும், உயரமான சாமான் ஏற்றிய லொறிக்காரரும் 3 மீற்றர் தள்ளியே நிற்க வேண்டும்.

ஒரே இடத்தை மூன்று தரம் கிண்டி மூடினார்கள். திட்டமே இல்லாமல் வேலை செய்கிறார்களா?
– வாசகர், பிரம்ரன்

சில இடங்களில் திட்டமிடல் மோசம்தான். ஆனாலும் மூன்று தரம் கிண்டுவது, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நடக்கக்கூடிய ஒன்று. ஏனென்று விளங்கினால், எந்தக் கிண்டுதல் வழமையானது, எது தாமதத்தின் அறிகுறி என்று நீங்களே பிரித்துவிடலாம்.

ரயில் பாதைக்கு அடியில் நீளவாக்கில் எந்தக் குழாயும் கிடக்கக் கூடாது. கிடந்தால், நாளைக்கு அது உடையும்போது ரயிலை நிறுத்தி, கொங்கிரீற்றை உடைத்துத்தான் திருத்த முடியும். ஆகவே எல்லாவற்றையும் வீதியின் ஓரத்துக்கு மாற்றுகிறார்கள். பிரச்சினை, அவற்றுக்குப் பல சொந்தக்காரர். தண்ணீரும் கழிவுநீரும் பீல் பிராந்தியத்துடையவை. மழைநீர் வடிகால் நகரசபையுடையது. மின்சாரம் அலெக்ட்ரா, எரிவாயு என்பிரிட்ஜ், தொலைபேசியும் இணையமும் பெல், றொஜர்ஸ். அநேகமாக ஒவ்வொன்றுக்கும் தனிக் குழு, தனி அனுமதி, தனி அட்டவணை.

வேலையின் ஒழுங்கு ஆழத்தைப் பொறுத்தது. கழிவுநீர் சரிவில் தானாக ஓட வேண்டியதால் பெரும்பாலும் அதுதான் ஆழம். தண்ணீர்க் குழாய் உறைபனி இறங்கும் மட்டத்துக்குக் கீழே கிடக்க வேண்டும். தென் ஒன்ராறியோவில் உறைபனி சுமார் 1.2 மீற்றர் வரை இறங்கும். எரிவாயுவும் கேபிள்களும் மேலே. ஆழமானதைப் பிறகு செய்தால் மேலே புதிதாகப் போட்டதைக் குலைக்க வேண்டிவரும். எனவே கீழிருந்து மேலாக வருகிறார்கள்.

இப்போது தண்ணீர்க் குழாய் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதல் தரம் கிண்டுவது புதுக் குழாய் புதைக்க. மூடித் தற்காலிகத் தார் போட்டுவிட்டு அழுத்தப் பரிசோதனை செய்வார்கள். குளோரின் விட்டுக் கழுவி, கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்புவார்கள். பழைய குழாய் அதுவரை வேலை செய்துகொண்டே இருக்கும். மாதிரி தேறிய பிறகு இரண்டாம் தரம் கிண்டி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் போகும் கிளைக் குழாயைப் புதியதில் மாட்டுவார்கள். மூன்றாம் தரம் பழைய குழாயை வெட்டி அகற்ற, அல்லது அதற்குள் சீமெந்துக் கலவை நிரப்பி அடைக்க. ஒரு குழாய்க்கே கணக்கு மூன்று!

தாமதத்தின் அறிகுறி வேறு. பெரிய தொட்டியும் தடித்த உறிஞ்சு குழாயும் கொண்ட லொறி ஒன்று வந்து, தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இளக்கி உறிஞ்சி எடுப்பதைக் கண்டிருப்பீர்கள். பெக்கோ போட்டுக் கிண்டினால் கேபிள் அறும் என்பதால், இருப்பதைச் சேதமில்லாமல் வெளியே காட்டுவதற்கான முறை அது. ஒரு முறை வந்தால் வழமை. அதே பத்து மீற்றருக்குள் அது திரும்பத் திரும்ப வந்து, பக்கத்தில் நாலைந்து பேர் வரைபடத்தை விரித்துவைத்துக் கதைத்துக்கொண்டு நின்றால், வரைபடத்தில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். பழைய வீதிகளில் குழாய் குறித்த இடத்தில் இருக்காது. யாருமே உரிமை கோராத கேபிளும் கிடைக்கும். அப்படியான இடத்தில் வடிவமைப்பாளர் திருத்தி, சொந்தக்கார நிறுவனம் கையெழுத்திட்டு வரும்வரை குழி சும்மா கிடக்கும்.

வீதியில் கலர் கலராகக் கோடு அடிக்கிறார்கள். எது என்ன?
– மாணவர், மிசிசாகா

சிவப்பு மின்சாரம். மஞ்சள் எரிவாயு. செம்மஞ்சள் தொலைபேசி, இணையக் கேபிள். நீலம் குடிநீர். பச்சை கழிவுநீர், மழைநீர். இளஞ்சிவப்பு நில அளவையாளரின் தற்காலிகக் குறி. வெள்ளை, கிண்டப்போகும் இடத்தின் எல்லை. வெள்ளை எல்லைக்குள் நாலு நிறமும் புதிதாக விழுந்திருந்தால் கெதியில் அங்கே குழி விழும் என்று எதிர்பார்க்கலாம்.

சொந்த வளவுக்குள் வேலி தூண் நடுவதென்றாலும், முதலில் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து இந்தக் குறிகளை அடிக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சேவை இலவசம். பலர் இதைச் செய்வதில்லை.

"90 சதவீதம் முடிந்துவிட்டது" என்று செய்தி வருகிறது. பிறகு இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. சதவீதம் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– வாசகர், ஸ்காபரோ

எதை எதால் பிரித்தார்கள் என்பதுதான் விசயம். செலவழித்த பணத்தை மொத்த ஒப்பந்தத் தொகையால் பிரித்தால் ஒரு எண் வரும். இட்ட கொங்கிரீற், போட்ட தண்டவாளம், நட்ட கம்பம் என்று அளவுகளைப் பிரித்தால் இன்னொரு எண். பணக் கணக்கில் மண்வேலையும் கொங்கிரீற்றும் பாரமானவை. சமிக்ஞை மென்பொருளைத் திருத்துவதும் பரிசோதனையும் பண அளவில் சிறியவை, கால அளவில் பெரியவை. ஆகவே கடைசிப் பத்து சதவீதப் பணத்துக்கு முப்பது, நாற்பது சதவீதக் காலம் போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எக்ளின்ரன் இதற்கு நல்ல பாடம். 19 கி.மீ. பாதை, 2011 இல் வேலை தொடங்கியது. 2020 இல் திறப்பு என்றார்கள், பிறகு 2021, பிறகு 2022, பிறகு நாளே சொல்லாமல் விட்டார்கள். 2023 வசந்தத்தில், இந்தப் பாதைகளைக் கட்டுவிக்கும் மாகாண நிறுவனமான மெற்றோலிங்ஸின் அன்றைய தலைமை அதிகாரி, ஏறக்குறைய 260 தரக் குறைபாடுகள் இருக்கின்றன என்று பகிரங்கமாகச் சொன்னார். அவற்றில் ஒன்று, சில இடங்களில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் குறித்த அளவில் இல்லை என்பது. சில மில்லிமீற்றர் வித்தியாசம்தான். ஆனால் ரயில் சக்கரத்துக்கு அதுவே தடம்புரளக் காரணமாகலாம். இட்ட கொங்கிரீற்றை உடைத்துத் தண்டவாளத்தைத் திருத்த வேண்டும். சதவீதக் கணக்கில் அந்தத் துண்டு ஏற்கெனவே "முடிந்தது" என்று ஏறியிருக்கும். பயணிகள் ஏறியது 2026 பெப்ரவரியில்.

ஒரு சதவீதத்தைப் படித்தால் மூன்றைக் கேளுங்கள். முழுத் திட்டத்துக்கா, கட்டட வேலைக்கு மட்டுமா? பணக் கணக்கா, அளவுக் கணக்கா? போன அறிக்கையில் இருந்த எந்தச் சொல் இந்த அறிக்கையில் காணாமல் போயிருக்கிறது? மூன்றாவதுதான் எங்களுக்குப் பிடித்தது. மெற்றோலிங்ஸ் இயக்குநர் சபைக் கூட்ட அறிக்கைகளும், மிசிசாகா, பிரம்ரன் நகரசபை நிகழ்ச்சிநிரல்களும் இணையத்தில் கிடக்கின்றன. "2024 இலையுதிர்" என்று நாள் எழுதிய இடத்தில் அடுத்த தடவை "ஒப்பந்தக்காரருடன் சேர்ந்து அட்டவணையைப் பரிசீலிக்கிறோம்" என்று இருந்தால், எந்தச் சதவீதமும் சொல்லாததை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

பனிக்காலத்தில் கொங்கிரீற் போட்டார்கள். இப்போது தண்டவாளத்தின் பக்கத்தில் மயிரிழைபோல் வெடிப்பு. தரம் குறைவா?
– வாசகர், மிசிசாகா

வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகுமென்றால் குளிர்காலப் பாதுகாப்போடுதான் கொங்கிரீற் இட வேண்டும். சுடுநீரில் கலவை, மேலே காப்புப் போர்வை, தேவையானால் கூடாரம் அடித்து உள்ளே சூடு. உறைந்த மண்ணின்மேல் இடக் கூடாது. இவற்றைச் செய்தால் பனிக்காலக் கொங்கிரீற் தரம் குறைந்ததல்ல. ஆறுதலாக இறுகுவதால் சில வேளை நல்லதும்கூட.

மயிரிழை வெடிப்பு கொங்கிரீற் காயும்போது சுருங்குவதால் வருவது. அதற்காகவே குறித்த இடைவெளியில் மேற்பரப்பை வாளால் வெட்டி விடுகிறார்கள், வெடிப்பதானால் அந்தக் கோட்டில் வெடிக்கட்டும் என்று. கவனிக்க வேண்டியவை வேறு: வெடிப்பின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்து, விரலால் தடவினால் படிபோல் தட்டுப்படுவது (கடவையில் நிற்கும்போது மட்டும் பாருங்கள், வேலிக்குள் போக வேண்டாம்). துருநிறக் கறை வழிவது. மழை விட்டு நாள்கணக்கான பிறகும் ஓரிடம் ஈரமாகவே கிடப்பது. தண்டவாளத்தை ஒட்டிய கருநிற இறப்பர் உறை கிழிந்தோ வெளியே பிதுங்கியோ இருப்பது.

அந்த இறப்பர் சத்தத்தைக் குறைக்க மட்டும் வைத்ததல்ல. ரயில் எடுத்த மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் துணைநிலையத்துக்குத் திரும்புகிறது. உறை சரியில்லாவிட்டால் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, பக்கத்திலுள்ள இரும்புக் குழாய்களை வழியாக்கிக்கொள்ளும். மின்சாரம் குழாயைவிட்டு வெளியேறும் இடத்தில் இரும்பு அரிக்கும். பத்து வருடம் கழித்துத் தண்ணீர்க் குழாய் உடையும்போது யாரும் ரயிலை நினைக்கமாட்டார்கள்.

ரொறன்ரோ ஸ்ரீற்கார்களை இந்தப் பாதைகளில் ஓட விட்டால் என்ன?
– வாசகர், மார்க்கம்

ஓடாது. ஸ்ரீற்கார் தண்டவாள அகலம் 1,495 மி.மீ. எக்ளின்ரன், ஃபிஞ்ச், ஹியூரொன்ராறியோ மூன்றும் உலகப் பொது அளவான 1,435 மி.மீ. இந்த 60 மி.மீ. வித்தியாசத்தைத் தாண்ட வழியில்லை.

போன கிழமை வெறும் ரயில் ஒன்று நடை வேகத்தில் போனது. பக்கத்தில் ஆட்கள் நடந்துபோனார்கள். பழுதாகி இழுத்துப் போனார்களா? பரிசோதனை என்றால் இன்னும் எவ்வளவு இருக்கிறது?
– வாசகி, மிசிசாகா

பழுதில்லை. இடைவெளிப் பரிசோதனை. வளைவில் திரும்பும்போது ரயிலின் முனை வெளியே தள்ளும், நடுப்பகுதி உள்ளே வெட்டும். மேடை விளிம்பு, கம்பம், பலகை ஏதாவது தட்டுமா என்று பார்க்கத்தான் ஆட்கள் கூட நடந்தார்கள். அநேகமாகத் தட்டுவது ரயில்காரர் கட்டியதாக இருக்காது. பிறகு வந்து வேறு யாரோ நட்ட வீதிப் பலகையாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். நிறுத்தும் தூரத்தையும், பன்டகிராஃப் கம்பியைவிட்டுத் துள்ளுகிறதா என்பதையும் அளப்பார்கள். துள்ளினால் இரவில் நீலப் பொறி தெரியும். பிறகு பல ரயில்களை ஒரே நேரத்தில் கிளப்பித் துணைநிலையங்கள் தாங்குமா என்று பார்ப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துப் பார்ப்பது: ரேடியோ, அறிவிப்பு, கட்டுப்பாட்டு அறை, சந்தி விளக்குகள். வேலை மாட்டிக்கொள்வது அநேகமாக இந்தக் கட்டத்தில்தான். தனித்தனியே சரியாக வேலை செய்த இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று கதைக்க மறுக்கும். மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தால் முன்பு தேறிய சில பரிசோதனைகளைத் திரும்பவும் செய்ய வேண்டும். இதோடு ஓட்டுநர் பயிற்சியும் நடக்கும்.

கடைசியில் சேவை ஒத்திகை. எக்ளின்ரனிலும் ஃபிஞ்சிலும் இதற்கு 30 நாள் வைத்திருந்தார்கள். பயணிகள் இல்லை, மற்றபடி முழு அட்டவணை. காலையில் முதல் ரயில் குறித்த நேரத்தில் டிப்போவை விட்டு வெளியே வருகிறதா, பழுதான ரயிலை எவ்வளவு நேரத்தில் ஒதுக்குகிறார்கள் என்றெல்லாம் எண்ணுவார்கள். விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வெறும் ரயில்கள் ஒழுங்கான இடைவெளியில் போகத் தொடங்கினால், அதுதான் நீங்கள் காத்திருந்த அறிகுறி.

ஆனால் ஒத்திகை "தேறிவிட்டது" என்றால் என்ன அளவுகோலில் என்று கேளுங்கள். ஒட்டாவா இலகு ரயில் பாதைக்கு 2019 இல் 12 நாள் ஒத்திகை. ரயில்கள் திட்டமிட்ட தூரத்தில் 98 சதவீதம் ஓட வேண்டும் என்றிருந்ததை, ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே 96 ஆக இறக்கினார்கள். செப்ரெம்பர் 14 இல் பாதை திறந்தது. 2021 ஓகஸ்ற்றில் ஒரு ரயில் அச்சுப் பழுதால் தடம்புரண்டது. அடுத்த மாதமே இன்னொன்று, பற்சக்கரப் பெட்டியின் போல்ற்றுகளை ஒழுங்காக இறுக்காததால். அளவுகோலை இறக்கியதும் அதை நகரசபை உறுப்பினர்களுக்குச் சொல்லாமல் விட்டதும் பகிரங்க விசாரணையில் வெளிவந்தன. அறிக்கை 2022 நவம்பரில் வந்தது. ஒட்டாவாவில் ஓடுவது அல்ஸ்டோமின் சிட்டாடிஸ் ஸ்பிரிட். ஃபிஞ்சுக்கும் ஹியூரொன்ராறியோவுக்கும் எடுத்ததும் அதே இனம். அதற்காகப் பயப்படத் தேவையில்லை, கேள்வியைக் கேட்கத் தேவை இருக்கிறது.

எங்கள் வீடு எக்ளின்ரன் மேற்கு நீட்சி வேலைக்குப் பக்கத்தில். உறோளர் ஓடினால் கண்ணாடி அலுமாரி ஆடுகிறது. சுவர் வெடிப்புக்கு இழப்பீடு கேட்கலாமா?
– வாசகர், எற்றோபிக்கோ

கேட்கலாம். ஆதாரம் இருந்தால்தான் நிற்கும். வேலைக்கு முன் வீட்டின் நிலையைப் பதிவுசெய்ய ஆள் அனுப்புவார்கள். பலர் "யாரோ வருகிறார்கள்" என்று கதவு திறப்பதில்லை. அது பெரிய நட்டம். உள்ளே விடுங்கள், அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தப் பதிவும் வைத்திருங்கள். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு, பக்கத்தில் திகதி. மி.மீ. தெரியும் அடிமட்டத்தை ஒட்டிப் படம். மாதம் ஒரு தடவை, வீட்டின் ஈரப்பதனையும் எழுதிக்கொண்டு. பனிக்காலத்தில் வீடு காய்ந்து மரச்சட்டம் சுருங்கினாலும் சுவரில் வெடிப்பு விழும். வேலை நடக்காத மாதத்தில் அந்த வெடிப்பு மாறவில்லை என்று காட்டினால்தான் உங்கள் பக்கம் வலுக்கும்.

அதிர்வு அளக்கும் அலகு வினாடிக்கு மில்லிமீற்றர். ரொறன்ரோ துணைச்சட்டத்தின் உச்ச எல்லை, அதிர்வெண் 4 ஹேர்ட்சுக்குக் கீழ் என்றால் 8, 4 இலிருந்து 10 வரை 15, அதற்கு மேல் 25. மனித உடல் 1 மி.மீ. அளவையே நன்றாக உணரும். எனவே அலுமாரி ஆடுவதும் சுவர் சேதமாவதும் ஒன்றல்ல. அத்திவாரச் சுவரோரம் அளவுப் பெட்டி வைத்திருந்தால் அதன் அளவீட்டைக் கேளுங்கள். உறோளர் ஓடும்போதைவிட, அதிர்வைப் போடும் நேரத்திலும் நிறுத்தும் நேரத்திலும்தான் வீடு அதிகம் ஆடும். சுழற்சி ஏறி இறங்கும்போது வீட்டின் இயல்பான அதிர்வெண்ணைக் கடந்துபோவதே காரணம். "வீட்டுக்கு முன்னால் நிறுத்தித் தொடங்காதீர்கள், முடிந்தால் அதிர்வில்லாமல் உருட்டுங்கள்" என்று திட்டத்தின் சமூகத் தொடர்பு அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டால், மாற்றக்கூடும்.

நகர மையச் சுற்று வருமா? பிரம்ரன் நகருக்குள் போகுமா?
– பலர்

மிசிசாகா மையத்தைச் சுற்றும் வளையத்தை 2019 இல் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். தரிப்பிடம் 22 இலிருந்து 19 ஆனது அதனால்தான். பிரம்ரனில் மெயின் வீதியால் போகும் பாதையை நகரசபையே 2015 ஒக்ரோபரில் 7க்கு 4 என்று நிராகரித்தது. இரண்டையும், பிரம்ரன் பகுதியைச் சுரங்கமாக, மீண்டும் எடுப்பதாக 2024 இல் மாகாண அரசு அறிவித்தது. இவை இப்போதைய 18 கி.மீ. ஒப்பந்தத்துக்கு வெளியே. முதல் திறப்போடு எதிர்பார்க்க வேண்டாம்.

வேலையைப் படமெடுத்துப் பதிவு வைக்க ஆசை. எப்படி? ட்ரோன் விடலாமா?
– பாடசாலை மாணவன், மிசிசாகா

ட்ரோனை மறந்துவிடுங்கள். இந்த வீதியின் பெரும்பகுதி பியர்சன் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்பரப்புக்குள் வருகிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு உயர்நிலைச் சான்றிதழும் வான்போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் நவ் கனடாவின் அனுமதியும் தேவை.

நிலத்தில் நின்றே நல்ல பதிவு செய்யலாம். பொது நடைபாதையில் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மாறாத ஒரு பொருள், பழைய கட்டடத்தின் மூலை மாதிரி, படத்தின் ஒரே ஓரத்தில் எப்போதும் வரட்டும். சூம் பண்ண வேண்டாம். மாதம் இரு தடவை போதும். வேலி, கூம்பு, அகழ்பொறி எல்லாம் வந்துபோகும். அவற்றை விட்டுவிட்டு கம்பம், கம்பி, துணைநிலையம், விளக்கு, தண்டவாள இணைப்பு என்று ஐந்து நிரல் கீறிக் குறியுங்கள்.

நில அளவையாளரின் மரக்குச்சியில் "எஸ்.ரி.ஏ. 12+340" போல எழுதியிருக்கும். அளவுகோட்டின் தொடக்கத்திலிருந்து 12,340 ஆவது மீற்றர் என்று பொருள். அதைப் படத்தோடு எழுதிவைத்தால், பிறகு ஒப்பந்த வரைபடம் கிடைக்கும்போது ஒவ்வொரு படத்தையும் சரியான இடத்தில் வைக்கலாம்.

தண்டவாள இணைப்பைப் பாருங்கள் என்றோமே: வெப்பக் கலவை ஊற்றிப் பற்றவைத்த இடத்தில் தண்டவாளத்தின் பக்கவாட்டில் தடித்த கழுத்துப் பட்டைபோல் புடைத்திருக்கும். மேற்பரப்பு மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தால் உரசி முடித்துவிட்டார்கள். கரடாக இருந்தால் இல்லை. கொங்கிரீற்றுக்குள் புதைந்த பாதையில் பக்கவாட்டுத் தெரியாது, ஆகவே அதை மூடுவதற்கு முன் எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு.

எங்கள் பிளாசாவுக்குள் இடதுபக்கம் திரும்ப இனி முடியாதாம். உண்மையா?
– கடைக்காரர், குக்ஸ்வில்

உண்மை. பாதை வீதி நடுவில் போகும் இடங்களில் விளக்குச் சந்தியில் மட்டுமே இடதுபக்கம் திரும்பலாம். உங்கள் வாசலில் வலதுபக்கம் உள்ளே, வலதுபக்கம் வெளியே. எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர் அடுத்த சந்தி வரை போய் யூ-திருப்பம் எடுத்து வர வேண்டும். பெரிய லொறிக்கு எல்லாச் சந்தியும் சரிவராது. சாமான் இறக்குகிறவருக்குப் பின்தெருவால் வரும் வழியை இப்போதே எழுதிக்கொடுங்கள்.

வாடிக்கையாளருக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். வாகனமும் இலகு ரயிலும் மோதும் விபத்துகளில் அதிகம், இடதுபக்கம் திரும்பும் கார் தனக்குப் பின்னால் அதே திசையில் வரும் ரயிலைக் காணாமல் குறுக்கே விடுவதால் வருபவை. 2019 இல் திறந்த கிச்சனர்–வாட்டர்லூ ஐயன் இலகு ரயில் பாதையும் இதைக் கண்டது. சந்தியில் வெள்ளை நிறத்தில் நிமிர்ந்த கோடாக எரியும் விளக்கு ரயிலுக்கானது, காருக்கானதல்ல. இடப்புற அம்புக்குறி எரியாமல் திரும்பக் கூடாது.

ரயிலுக்குச் சந்தியில் முன்னுரிமை எவ்வளவு என்பதும் உங்கள் வாசல் நெரிசலைப் பாதிக்கும். ஃபிஞ்ச் பாதை 2025 டிசம்பர் 7 இல் திறந்ததும் பெரிய முறைப்பாடு ரயில் ஆமை வேகம் என்பதுதான். பச்சையை நீட்டிக்கவும் சிவப்பைச் சுருக்கவும் விளக்கில் கருவி இருந்தாலும், எவ்வளவு நீட்டலாம் என்பது வீதியின் சொந்தக்காரர் எடுக்கும் முடிவு. ஹியூரொன்ராறியோவில் அந்த முடிவு நகரசபைக் குழுக்களுக்கு வரும்போது கடைக்காரர் சங்கமாகப் போய் உட்காருங்கள். திறந்த பிறகு போனால், விளக்கு நேரம் ஏற்கெனவே போட்டாயிற்று என்பார்கள்.